டிஆர்3ஏ எஞ்சினுக்கு 87 மி.மீ. லைனர் செட்: தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும்

83, 86, 87, 89. ட்ரையம்ஃப் டிஆர்3ஏ என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு பிஸ்டன், லைனர் (சிலிண்டரின் உட்குழாய்) செட் வாங்கப் போனால் இந்த நாலு எண்களில் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், 92 மி.மீ. 83 போட்டால் கார் ஆலையிலிருந்து வந்தபடி 1991 சிசி. 86 என்றால் 2138. 87 என்றால் 2188. 89 என்றால் 2289. பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால், எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதானே, பெரிதாகவே போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்கள் கார் 1959 மாடல். இங்கிலாந்தில் கோவென்ட்ரியின் கேன்லி ஆலையில் செய்தது. இப்போது நிற்பதும் அதே ஊரில்தான், என் வீட்டு கராஜில். 'எங்கள்' என்று சொல்வது, பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருக்கும் இதில் பாதிப் பங்கு இருப்பதால். எஞ்சினைத் திறக்கக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை: மேட்டில் ஏறும்போது நீலப் புகை, கம்ப்ரஷன் டெஸ்டில் நாலு சிலிண்டரும் நாலு கணக்கு சொன்னது, எண்ணெய் குடிப்பது நாளுக்கு நாள் கூடியது. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் ரிங் ஏறி நிற்கும் உச்சியில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு லைனர் சுவரில் படி விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ரிங் மட்டும் மாற்றி ஓட்டுவதில் அர்த்தமில்லை.

இந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பொதுவாக சிலிண்டர் தேய்ந்தால் பிளாக்கையே பட்டறைக்குத் தூக்கிப் போய் போர் அடித்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம். டிஆர் எஞ்சினில் அந்த வேலையே கிடையாது. பிளாக் என்பது உள்ளே கூடாக இருக்கும் ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி. அதற்குள் நாலு தனித்தனிக் குழாய்களாக லைனர்கள் நிற்கின்றன. குழாயின் வெளிப்புறத்தை ரேடியேட்டர் தண்ணீர் நேரடியாகத் தொடுகிறது. கீழே, லைனரின் தோள் பிளாக்கில் கடைந்த ஒரு வளையத்தில் உட்கார்கிறது. அந்த இடத்தில் தண்ணீரை அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்காமல் தடுப்பது ஒரு மெல்லிய எட்டு வடிவ கேஸ்கட், இரண்டு லைனருக்கு ஒன்று. மேலே ஹெட் கேஸ்கட். இரண்டுக்கும் நடுவே லைனரை இறுக்கிப் பிடிப்பது ஹெட்டைப் பிடிக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்டுகளின் இழுவை மட்டுமே. ஆகவே பெரிய பிஸ்டன் வேண்டுமா, பழைய லைனரை உருவிவிட்டுப் பெரிய துளையுள்ள லைனரை இறக்கினால் போதும்.

இவ்வளவு சுலபமாக மாற்றும்படி இந்த எஞ்சினை வடிவமைத்தது ஸ்போர்ட்ஸ் காருக்காக அல்ல. ட்ரையம்ஃபின் உரிமையாளரான ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1947-இல் அறிமுகப்படுத்திய வேன்கார்டு என்ற குடும்பக் காருக்காகச் செய்த எஞ்சின் இது. 85 மி.மீ. துளை, 2088 சிசி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1950-களில் பூட்டி விற்ற வேன்கார்டிலும் இதுதான். இதன் உடன்பிறப்பு ஒன்று ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. அந்த டிராக்டரைச் செய்த பேனர் லேன் ஆலையும் கோவென்ட்ரியில்தான். 1953-இல் டிஆர்3ஏ-வின் முன்னோடியான டிஆர்2 வந்தபோது, பந்தயங்களில் 2 லிட்டர் வகுப்புக்குள் நிற்க வேண்டும் என்று துளையை 85-இலிருந்து 83-ஆகக் குறைத்தார்கள். மார்கன் ப்ளஸ் 4 காரிலும் இதே எஞ்சின் ஓடியது.

பிளாக்கை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்த அன்று அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது உழவு மெசினிட எஞ்சின் எல்லே?" என்றார். அவர் கிளிநொச்சியில் பார்த்து வளர்ந்த மசி ஃபெர்குசன்கள் டீசலில் ஓடியவை, இது பெட்ரோல். ஆனாலும் பரம்பரையைச் சரியாகவே பிடித்துவிட்டார். ஏனென்றால் 87 என்ற எண்ணே டிராக்டரிலிருந்து வந்ததுதான்: ஃபெர்குசன் 35-இன் பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்டாண்டர்டு கொடுத்த துளை அளவு அது. நாள் முழுக்க வயலில் பாரம் இழுக்கத் தாங்கிய அளவு என்பதால் எனக்கு அதன் மேல் முதலிலிருந்தே ஒரு நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை மட்டும் போதாது, கணக்கும் பார்க்க வேண்டும்.

முதலில் 89-ஐத் தள்ளிவைத்தேன். லைனரின் வெளிவிட்டத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, அது பிளாக்கில் உட்கார வேண்டுமே. அப்படியானால் துளை பெரிதாகிற அளவுக்கு சுவர் மெலியும். 83-இலிருந்து 87 போனால் சுவரில் 2 மி.மீ. போகிறது. 89 போனால் 3 மி.மீ. மெல்லிய சுவர் சூட்டில் வட்டம் மாறும், வட்டம் மாறினால் ரிங் ஒழுங்காக அடைக்காது. இன்னொன்று, அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் உட்கார இருக்கும் இடமும் குறுகுகிறது. பந்தயக்காரர்கள் 89 போடுகிறார்கள், ஓட்டுகிறார்கள். அவர்கள் எஞ்சினை அடிக்கடி திறப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை வார்விக் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வரும் காருக்கு அது எதற்கு?

பழைய 83-ஐயே போடலாமா என்பதையும் யோசித்தேன். அசல் அசலாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ட்ரையம்ஃபே பிற்காலத்தில் டிஆர்3ஏ-வுக்கு 86-ஐ விருப்பத் தேர்வாகக் கொடுத்தது, 1961-இல் வந்த டிஆர்4-இல் அதையே வழக்கமான அளவாக்கியது. அங்கே ஒரு தகவல் எனக்குப் பிடித்தது. டிஆர்3ஏ-வுக்கு 5000 ஆர்பிஎம்மில் 100 குதிரைத்திறன். டிஆர்4-க்கும் 100 குதிரைத்திறன்தான், ஆனால் அது 4600-லேயே வந்துவிடுகிறது. டார்க் (முறுக்கு விசை) மட்டும் 117 பவுண்டு-அடியிலிருந்து 127-க்கு ஏறியது. ஆக, இந்த எஞ்சினில் துளையைப் பெரிதாக்கினால் கிடைப்பது உச்ச வேகம் அல்ல, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை. மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க், 92 மி.மீ. நீள ஸ்ட்ரோக். 5000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டுகிறது. இதை மேலே மேலே சுற்றவைப்பதைவிடக் கீழேயே இழுக்கவைப்பதுதான் இதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மிச்சம் 86-க்கும் 87-க்கும் போட்டி. வித்தியாசம் 50 சிசி, இரண்டு சதவீதம் சொச்சம். ஓட்டும்போது யாருக்கும் தெரியாது. சுவரில் அரை மில்லிமீட்டர் கூடுதல் என்பது 86-இன் பக்கம் உள்ள நியாயம். 87-இன் பக்கம் இரண்டு நியாயங்கள்: டிராக்டர் அனுபவம் ஒன்று, எனக்கு வேண்டிய வார்ப்பு பிஸ்டன் அந்த அளவில் உடனே கிடைத்தது இன்னொன்று. ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அது பலமானதுதான், ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் குளிர்ந்த நிலையில் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று தட்டும். ரோட்டில் ஓட்டும் எஞ்சினுக்கு அந்தப் பலம் தேவையில்லை.

அளவை முடிவு செய்வதற்கு முன் பார்த்தே ஆக வேண்டியது ஹெட். பலர் பிஸ்டன் வாங்கிய பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். துளை பெரிதாகி, எரி அறை அப்படியே இருந்தால் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) தானாக ஏறும். 1991 சிசியில் ஒரு சிலிண்டர் 498 சிசி. ஆலைக் கணக்கான 8.5 வர, பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 66.4 சிசி இருக்க வேண்டும். அதே இடத்தில் 87-இன் 547 சிசியை அமுக்கினால் 9.2. 86 என்றால் 9.05, டிஆர்4-இன் கணக்கும் 9-தான் என்பதால் கூட்டல் கழித்தல் சரியாகத்தான் போகிறது. 89 என்றால் 9.6. தட்டை முகப் பிஸ்டனுக்குத்தான் இந்தக் கணக்கு. நடுவில் மேடு உள்ள பிஸ்டன் வாங்கினால் இன்னும் ஏறும்.

ஆனால் அறுபது வருஷத்துக்கு மேலான ஹெட்டின் அடிமுகத்தை யாராவது ஒருமுறையேனும் சீவியிருப்பார்கள், சீவினால் எரி அறை சுருங்கும். எங்கள் ஹெட்டையும் சீவியிருந்தார்கள். வால்வுகளைப் போட்டு, ஸ்பார்க் பிளக்கை முறுக்கி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரு துளை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை கிரீஸ் தடவி மேலே ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். கேஸ்கட் தடிப்பையும் மேலே மிஞ்சும் இடைவெளியையும் சேர்த்தால் 64 சிசிதான் வந்தது. 87-ஐ அப்படியே போட்டிருந்தால் கம்ப்ரஷன் 9.5-ஐத் தாண்டியிருக்கும். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண 95 பெட்ரோல் பத்து சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய கார்க்காரர்கள் பெரும்பாலும் சூப்பர்தான் போடுகிறோம். சூப்பர் போட்டாலும், 1950-களின் இரும்பு ஹெட்டில் 9.5 என்றால் கோடையில் மேட்டில் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்கும் என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். ஆகவே வால்வைச் சுற்றி நெருக்கமாக இருக்கும் சுவரை கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு அறையையும் இரண்டரை சிசி விரித்தோம். 66.5-இல் நிறுத்தினோம், 9.2. இதில் இன்னொரு லாபம், வால்வின் ஓரத்தில் காற்று நுழைய வழியும் அகலமானது. ஹெட் பட்டறையில் இருந்தபோதே ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் போட்டுவிட்டார்கள்.

இனி பழைய லைனர்களை உருவுவது. கிராங்க், சம்ப் எல்லாம் கழற்றிய பிறகு பிளாக்கைக் கவிழ்த்து, லைனரின் அடி விளிம்பில் கடின மரக்கட்டையை வைத்து சுத்தியலால் தட்ட வேண்டும். முன் மூன்றும் கொஞ்சம் முனகிவிட்டு இறங்கின. நாலாவது, பின்னால் இருப்பது, வரவே இல்லை. காரணம் வெளியே வந்தபோதுதான் புரிந்தது. லைனருக்கும் பிளாக்கின் சுவருக்கும் நடுவே, தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில், மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குச் செம்பழுப்பு நிறத்தில் வண்டல் கட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் கட்டியாகப் பெயர்ந்தது. துரு, பழைய வார்ப்பு மணல், கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த கலவை. பிளாக்கின் ட்ரெயின் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வராமல் இருந்ததன் காரணமும் அதுதான். இந்த வண்டலோடு புது லைனரை, அதுவும் மெல்லிய சுவர் லைனரை, இறக்கினால் அதன் அடிப்பகுதி தண்ணீரைப் பார்க்காமலே வெந்துபோகும். டிஆர் எஞ்சின் சூடாகிறது என்று ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒருமுறை இந்த இடத்தைப் பார்க்கலாம்.

வண்டலை எடுத்த பிறகு லைனர் உட்காரும் வளையம் தெரிந்தது. இந்த வேலையிலேயே மிக முக்கியமான இடம் அதுதான், பிஸ்டன் கூட இரண்டாவதுதான். அகலம் கொஞ்சமே, ஆனால் தண்ணீருக்கும் என்ஜின் ஆயிலுக்கும் நடுவே இருக்கும் ஒரே எல்லை. கம்பித் தூரிகையை டிரில்லில் மாட்டி ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்பு தேய்வது சமமாக இருக்காது. பித்தளைத் தூரிகை, பழைய கேஸ்கட்டைச் சுரண்ட ஒரு கூர்மழுங்கிய உளி, மண்ணெண்ணெய், கையால்தான். சுத்தமானதும் புது லைனரின் தோளில் மார்க்கிங் புளூ என்ற நீலப் பூச்சை மெல்லிசாகத் தடவி, கேஸ்கட் இல்லாமல் வளையத்தில் இறக்கி, கால் வட்டம் அப்படியும் இப்படியும் திருப்பி எடுத்தேன். நீலம் முழு வளையமாக ஒட்ட வேண்டும். மூன்றில் ஒட்டியது. நாலாவதில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் படாமல் இருந்தது, அங்கே துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. பழைய லைனரின் தோளில் நடுத்தரக் கொரகொரப்புள்ள வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அதையே கருவியாக வைத்துத் தேய்த்து, மறுபடி நீலம் பார்த்து, மறுபடி தேய்த்து, குழியின் விளிம்பு வளையத்தின் பாதி அகலத்துக்குள் அடங்கும்வரை கொண்டுவந்தோம். அந்த இடத்தில் தொடர்ச்சியான ஒரு நீலக் கோடு கிடைத்துவிட்டால் கேஸ்கட் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

புது லைனர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. போர் கேஜை வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்தேன். முதலில் வந்த செட்டில் ஒன்று வட்டமாக இல்லை. விற்றவர்கள் முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார்கள். பிஸ்டன்களைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன், நாலும் மூன்று கிராமுக்குள் இருந்தன. நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் பிஸ்டன் கொஞ்சம் கனமானால் அதற்காக கிராங்கைத் திரும்ப பேலன்ஸ் செய்ய வேண்டியதில்லை, நாலும் ஒரே எடையாக இருந்தால் போதும்.

அடுத்து லைனர் மேலே எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பது. பிளாக்கின் மேல்தளத்தைவிட லைனர் 3 முதல் 5 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.08 முதல் 0.13 மி.மீ. வரை, உயரமாக நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஹெட் இறுகும்போது இழுவை லைனர் மேல் போகாமல் பிளாக் மேல் போய்விடும். கீழே எட்டு வடிவ கேஸ்கட் சரியாக நசுங்காது, மேலே எரிந்த வாயு வெளியே கசியும். கூடினால் ஹெட் லைனர்களின் மேலேயே நின்றுவிட, சுற்றியுள்ள தண்ணீர்த் துளைகளைச் சுற்றி கேஸ்கட் இறுகாது.

கேஸ்கட்டுகளை வைத்து, நாலு லைனரையும் இறக்கி, ஸ்டட்டுகளில் குழாய்த் துண்டும் தடித்த வாஷரும் கவ்வாகப் போட்டு இறுக்கி, டயல் கேஜை வைத்தேன். ஒவ்வொரு லைனரையும் சுற்றி நாலு இடத்தில் பார்த்துச் சராசரி எடுத்தேன். முதல் சிலிண்டர் 0.10. இரண்டாவது 0.12. மூன்றாவது 0.11. நாலாவது 0.06. நாலாவதில் குறைகிறது. தேய்த்த இருக்கை, அதாவது லைனர் உட்காரும் வளையம், தாழ்ந்ததா, லைனர் குட்டையா? இரண்டாவதையும் நாலாவதையும் இடம் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றினேன். இரண்டாவதில் 0.09, நாலாவதிலும் 0.09. அப்படியானால் இரண்டும்தான்: ஒரு லைனர் இன்னொன்றைவிட 0.03 உயரம், நாலாவது இருக்கையும் இரண்டாவதைவிட 0.03 தாழ்வு. உயரமான லைனர் தாழ்ந்த இருக்கைக்குப் போனதும் கணக்கு நேரானது. பிளாக்கைச் சீவவும் வேண்டாம், லைனரைக் கடையவும் வேண்டாம். 0.10, 0.09, 0.11, 0.09 என்று பெயிண்ட் பேனாவால் லைனர் மேலேயே எழுதி, எண்ணும் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு எடுத்து, எட்டு வடிவ கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் வெல்சீல் என்ற அடைப்புப் பசையை மெல்லிசாகத் தடவி, கடைசித் தடவையாக இறக்கிக் கவ்வுபோட்டு இறுக்கினேன். ஸ்டீல் கேஸ்கட்டா, செம்புக் கேஸ்கட்டா என்று டிஆர்க்காரர்கள் இரண்டு கட்சியாக நின்று பேசுவார்கள். நான் பூச்சுப் பூசிய ஸ்டீல் போட்டேன். செம்பு மென்மையாக நசுங்கிக் குழியை நன்றாக அடைக்கும் என்பது உண்மை, ஆனால் நசுங்க நசுங்க லைனரின் உயரமும் இறங்கும். எனக்கு அந்த 0.09 வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு விஷயம். ஒன்று, கவ்வுகளை எடுத்துவிட்டு கிராங்கைச் சுற்றக் கூடாது. பிஸ்டன் ஏறும்போது ரிங்கின் உரசலில் லைனர் ஒரு மயிரிழை எழும்பினாலும் கீழே போட்ட சீல் போயிற்று. பின்னால் எப்போதாவது ஹெட் கேஸ்கட் மாற்ற ஹெட்டைத் தூக்கினாலும் இதே விதிதான். இரண்டு, சம்ப் மாட்டுவதற்கு முன்பே தண்ணீர் சோதனை. பக்கத்துத் துளைகளை ரப்பர் தட்டு வைத்து அடைத்து, ஜாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க விட்டோம். காலையில் அண்ணன் டார்ச்சோடு வந்து குனிந்து ஒவ்வொரு லைனரின் அடியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டும் இல்லை" என்றார். எஞ்சினைப் பூட்டிக் காரில் ஏற்றிய பிறகு ஆயில் பால் மாதிரி ஆவதைப் பார்ப்பதைவிட இந்த ஒரு இரவு எவ்வளவோ தேவலாம்.

ரிங் வேலை வழக்கமானதுதான். ஒவ்வொரு ரிங்கையும் அதன் லைனருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தேன். 87 மி.மீ. துளைக்கு 0.25-இலிருந்து 0.38 வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரிங் இறுக்கமாக இருந்தன, நுண் அரத்தால் ஒரே திசையில் தேய்த்துச் சரிசெய்தோம். லைனருக்கு ஹோன் போடவில்லை, வந்த குறுக்குக் கோடே நன்றாக இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படாத வரை துடைத்து, உடனே ஆயில் தடவினேன். இந்தக் கழுவலைப் பெட்ரோலில் செய்து முடித்துவிடுகிறவர்கள் உண்டு, ஹோன் கல்லின் தூள் அதில் போகாது.

இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடுகளில் கிராங்கைப் பிடிக்கும் முனையான பிக் எண்ட் சாய்வாகப் பிளந்திருக்கும், அதனால் பிஸ்டனோடு சேர்த்து மேலிருந்தே இறக்கலாம். புது போல்ட், 55 முதல் 60 பவுண்டு-அடி. ஹெட் கேஸ்கட்டை வைக்கும் முன் லைனர்களின் மேல் வெறுமனே வைத்து, அதன் உலோக விளிம்பு துளைக்குள் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிலும் விரல் விட்டுப் பார்த்தேன். சிறிய அளவுக்கான கேஸ்கட்டை 87-க்குப் போட்டால் அந்த விளிம்பு எரி அறைக்குள் நீட்டிக்கொண்டு பழுக்கக் காயும், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். எங்களுடையது விலகியே இருந்தது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 105 பவுண்டு-அடி வரை இறுக்கினோம். பத்து ஸ்டட் மட்டும் இருப்பதால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் அதிகம். பழைய ஸ்டட்டில் மரை கொஞ்சம் இழுபட்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டோம். கேம்ஷாஃப்டும் ஃபாலோயர்களும் புதிது, ஆகவே பற்றிய உடனே ஐட்லில் விடாமல் 2000-க்கு மேலே வைத்து இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும். ஜிங்க் அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆயில். கராஜ் கதவைத் திறந்து வைத்தும் புது பெயிண்ட் காயும் நாற்றத்தில் நிற்க முடியவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் போய் நின்றது, மேலே போகவில்லை. நாலாவது லைனரைச் சுற்றி இப்போது தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

அப்புறம் ரோட்டில். ரிங் உட்கார வேண்டுமானால் எஞ்சினைத் தடவிக் கொடுத்து ஓட்டினால் ஆகாது. டாப் கியரில் 40 மைலிலிருந்து 55 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து எஞ்சினாலேயே இறங்க விடுவது, மறுபடி மிதிப்பது. 300 மைல் ஆனதும் ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தித் திரும்ப 105-க்கு இறுக்கி, வால்வுகளின் டாப்பெட் இடைவெளியையும் வைத்தேன். கம்ப்ரஷன் டெஸ்டில் நாலும் 165-க்கும் 172 பிஎஸ்ஐ-க்கும் நடுவே வந்துவிட்டது. புகை இல்லை.

இழுவை பற்றிக் கேட்பவர்களுக்கு: குதிரைத்திறன் அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை, அதனால் எண் சொல்ல மாட்டேன். முன்பு மூன்றாவது கியருக்கு இறக்கிய மேட்டில் இப்போது டாப்பிலேயே போகிறது. 4500-க்கு மேலே பெரிதாக எந்த மாற்றமும் தெரியவில்லை, டிஆர்4-இன் கணக்கைப் பார்த்தபோதே அதை எதிர்பார்த்திருந்தேன். இக்னிஷன் டைமிங்கை ஆலை சொன்ன 4 டிகிரியிலேயே ஆரம்பித்து வைத்திருக்கிறேன். சூப்பர் பெட்ரோலில் நாக்கிங் இல்லை.

மிச்சம் இருப்பது கார்புரேட்டர். இரண்டு எஸ்யூ எச்6-லும் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசி 1991 சிசிக்கானதுதான் இன்னும் இருக்கிறது. ஐட்லில் சரியாக இருக்கிறது, 3000-க்கு மேலே பாரம் ஏறும்போது பிளக் வெள்ளையாக வருகிறது, கலவை ஏழையாகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஒரு படி செழிப்பான ஊசி ஆர்டர் போட்டிருக்கிறேன். அது வரும்வரை மேட்டில் முழுசாக மிதிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றுதான் சொன்னார், ஆனால் சாவி இரண்டு இருக்கிறது.